அனுமதித்த அளவுக்குள் சாயம் போட முடியுமா? ஒரு சிறு சாயப்பட்டறையிலிருந்து வந்த கேள்வி

கேள்வி: திருப்பூரில் சாயப்பட்டறை நடத்துகிறேன். அப்பா தொடங்கியது. துணியைத் திறந்த தொட்டியில் சுழற்றும் வின்ச் இரண்டு, குறைந்த தண்ணீரில் ஓடும் சாஃப்ட் ஃப்ளோ மெஷின் இரண்டு இருக்கின்றன. பனியன் துணிக்கு ஜாப் ஒர்க்காகச் சாயம் போட்டுத் தருகிறோம். நாளொன்றுக்கு வின்சில் 250 கிலோ, சாஃப்ட் ஃப்ளோவில் 550 கிலோ ஓடுகிறது. பொது சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினராக இருக்கிறோம். எங்களுக்கு அனுமதித்த கழிவுநீர் நாளுக்கு 65,000 லிட்டர். ஆனால் 90,000 லிட்டர் வரை வந்துவிடுகிறது. சேமிப்புத் தொட்டி நிரம்பிவிடுவதால் வாரத்தில் ஏறக்குறைய இரண்டு நாள் மெஷின்களை நிறுத்த வேண்டியிருக்கிறது. ஒருவர் சொந்தமாகச் சின்ன ஆர்.ஓ. போடச் சொல்கிறார். இன்னொருவர், நிறம் நீக்கும் மருந்து போட்டால் தண்ணீரைத் தோப்புக்கு விட்டுவிடலாம் என்கிறார். மழை பெய்யும் இரவில் திறந்துவிடச் சொல்பவர்களும் உண்டு. அதற்கு எனக்கு மனம் வரவில்லை. புது மெஷின் வாங்க இப்போது வசதி இல்லை. வேறு வழி இருக்கிறதா? மழைநீரைச் சேமித்தால் உதவுமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

வழி இருக்கிறது. நீங்கள் எழுதிய கணக்கையும், ஒரு லாட்டுக்கு (ஒரே தடவையில் மெஷினில் ஏற்றும் துணிக்கு) எத்தனை முறை தண்ணீர் பிடித்து விடுகிறீர்கள் என்று இணைத்திருந்த பட்டியலையும், அதோடு எழுதியிருந்த குறிப்புகளையும் வைத்துப் பார்த்தேன். புது மெஷின் வாங்காமலேயே 65,000 லிட்டருக்குள் வர முடியும் என்று நம்புகிறேன். அதற்கு முன், மற்றவர்கள் உங்களுக்குச் சொன்ன மூன்று யோசனைகளையும் ஒதுக்கி வைத்துவிடலாம்.

மழை இரவில் திறந்துவிட உங்களுக்கு மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மனத்தை விட்டுவிடாதீர்கள். மழைத் தண்ணீரோடு கலந்தால் நிறம் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் சாயம் துணியில் ஏறுவதற்காகப் போட்ட உப்பு எங்கும் போகாது. நொய்யலில் நடந்தது அதுதான். கீழ்ப்பகுதி விவசாயிகளின் பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளுக்குள் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. தண்ணீருக்காகக் காத்திருந்தவர்களே அணையைத் திறக்காதீர்கள் என்று சொல்லும் நிலை வந்தது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பேறின. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீர் வெளியேற்றமே இல்லாத நிலையை எட்டாத சாய, சலவைப் பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நேரத்தில் மூடப்பட்டன. உங்கள் அப்பா அதை நேரில் பார்த்தவராக இருப்பார், அவரிடம் கேளுங்கள். ஒழுங்காக நடத்தியவர்களும் சேர்ந்துதான் பூட்டினார்கள். ஒரு பட்டறை இரவில் வால்வைத் திறந்தால் அதன் சுமை ஊரிலுள்ள எல்லாப் பட்டறைகள் மீதும் விழுகிறது. கீழே ஒரு குடும்பம் அந்தக் கிணற்றில்தான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறது.

நிறம் நீக்கும் மருந்தும் இதே தவறுதான், பகலில் செய்வதால் நல்லதுபோலத் தெரிகிறது. சுண்ணாம்பு, படிகாரம், பெர்ரஸ் சல்பேட் போன்றவற்றைப் போட்டால் நிறம் அடியில் படியும், மேல்தண்ணீர் தெளியும். கரைந்திருக்கும் உப்பு அப்படியே இருக்கும்; போட்ட மருந்தால் இன்னும் கொஞ்சம் கூடவும் செய்யும். அடியில் படிந்த சேற்றைக் கண்ட இடத்தில் கொட்டவும் முடியாது. அடர் நிறத்துக்கு ஒரு லிட்டர் சாயக் குளியலில் 60 கிராம் உப்பு போடுகிறீர்கள். அதாவது லிட்டருக்கு 60,000 மில்லிகிராம். வெளியேற்றலாம் என்று விதிகள் சொல்லும் அளவு 2,100 மில்லிகிராம். அலசிய தண்ணீர் எல்லாம் கலந்த பிறகும் தொட்டியில் பல ஆயிரம் மில்லிகிராம் நிற்கும். அதைத் தோப்புக்கு விட்டால் முதல் வருடம் தென்னை பச்சையாகவே நிற்கும். சோடியம் சேரச் சேர மண் இறுகும், தண்ணீர் உள்ளே இறங்காது, மட்டை காய ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு அந்த மண்ணை மீட்பது பெரும்பாடு.

சொந்த ஆர்.ஓ. விஷயத்தில் விற்பவர் சொல்லாத பாதியை நான் சொல்கிறேன். உங்களிடம் மிஞ்சும் 25,000 லிட்டரை ஆர்.ஓ.வில் விட்டு முக்கால் பங்கு நல்ல தண்ணீராக எடுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மீதி 6,000 லிட்டருக்கு மேல் நான்கு மடங்கு உப்போடு நிற்கும். அதை ஆவியாக்கி உப்பாகப் பிரித்தெடுக்க நீராவி வேண்டும், ஆவியாக்கும் கருவி வேண்டும், பிரித்த உப்பை வைக்க இடம் வேண்டும். இதைத்தான் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் பெரும் செலவில் செய்துகொண்டிருக்கின்றன. சிறு பட்டறையால் தனியாகத் தாங்க முடியாது. ஆர்.ஓ. கழிவை உறுப்பினர் குழாயில் கலந்து அனுப்பினால் அங்குள்ள கணக்கும் கெடும், உங்கள் பெயரும் கெடும். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையில் இல்லாத ஒரு கருவியை வைப்பதே முதலில் சிக்கல்.

இனி உங்கள் 90,000 லிட்டருக்கு வருவோம்.

பட்டியல்படி அடர் நிற லாட்டுக்குப் பத்து குளியல், அதாவது பத்து முறை தண்ணீர் பிடித்து வடிப்பது, ஓடுகிறது: பிளீச்சிங், வெந்நீர் அலசல், ஆசிட், பெராக்சைடு நீக்கல், சாயம், குளிர் அலசல், மறுபடி ஆசிட், சோப்பிங் (சூடான சோப்புத் தண்ணீரில் அலசல்), வெந்நீர் அலசல், கடைசியில் துணியை மென்மையாக்கும் சாஃப்ட்னர். சாஃப்ட் ஃப்ளோவில் ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் பிடிக்கிறீர்கள். தண்ணீரை வடித்தாலும் பருத்தித் துணி தன் எடையைப்போல ஏறக்குறைய 3 மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே முதல் குளியலுக்கு 8, அடுத்த ஒன்பதுக்கும் தலா 5 என்று கிலோவுக்கு 53 லிட்டர்தான் ஆக வேண்டும். ஆனால் உங்கள் கணக்கு 85 லிட்டர் காட்டுகிறது. வின்சில் கிலோவுக்கு 15 லிட்டர் பிடிப்பதால் அதே கணக்கு 123 லிட்டர் வர வேண்டும். உங்களுக்கு 150 வருகிறது. ஒரு நாளைக்கு சாஃப்ட் ஃப்ளோவில் 46,750 லிட்டரும் வின்சில் 37,500 லிட்டரும், ஆக 84,250 லிட்டர். மீதி ஐந்தாறாயிரம் தரை கழுவியது, தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர் கருவியைக் கழுவியது, குளிர்விக்கும் தண்ணீர்.

53-க்கும் 85-க்கும் நடுவில் உள்ள 32 லிட்டர் எங்கே போகிறது? ஓவர்ஃப்ளோவில்.

நான் போகும் பட்டறைகளில் பெரும்பாலும் இதைப் பார்க்கிறேன். பிளீச்சிங் முடிந்ததும் ஒரு கால் மணி நேரம், சாயம் முடிந்ததும் ஒரு கால் மணி நேரம், மேலே குழாய் திறந்திருக்கும், கீழே வழிந்துகொண்டிருக்கும். ஆபரேட்டர் வழியும் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்தில் பார்ப்பார். நிறம் இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம். அவர் கண்ணில் குறை இல்லை. ஆனால் குளிர்ந்த தண்ணீரில் அவர் எதிர்பார்க்கும் தெளிவு வரவே வராது. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் ஒரு பகுதி நூலோடு சேராமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகி, துணிமேல் ஒட்டிக்கொண்டு நிற்கும். உப்பு இருக்கும்வரை அது துணியை விட்டு இறங்காது. உப்பை முதலில் வெளியேற்றிவிட்டு, 90 டிகிரிக்கு மேல் சோப்பிங் கொடுக்கும்போதுதான் அது கழன்று வரும். எனவே சோப்பிங்குக்கு முந்தைய அலசலில் பார்க்க வேண்டியது உப்பின் அளவு. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் கையடக்க டி.டி.எஸ். மீட்டர் வாங்கி ஆபரேட்டரின் கையிலேயே கொடுங்கள். மேலாளர் மேசையில் வைக்காதீர்கள்.

உப்பை வெளியேற்றுவதில் ஓவர்ஃப்ளோவைவிட, முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாகப் பிடிப்பது மிகவும் சிக்கனம். வீட்டில் சோப்புப் போட்ட துணியை ஓடும் குழாயின் கீழே பிடித்துக்கொண்டிருப்பதைவிட, பிழிந்துவிட்டு வாளித் தண்ணீரை மாற்றி மாற்றி அலசினால் சீக்கிரம் நுரை போகும் அல்லவா, அதே கணக்குத்தான். ஓவர்ஃப்ளோவில் புதுத் தண்ணீர் உள்ளே வந்து உப்புத் தண்ணீரோடு கலந்து, கலந்ததுதான் வழிகிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நல்ல தண்ணீரும் அதோடு வழிகிறது.

எண்ணில் பாருங்கள். 60 கிராம் உப்புள்ள சாயக் குளியலை வடித்துவிட்டு ஒருமுறை பிடித்தால் துணியில் தங்கிய 3 பங்கு உப்புத் தண்ணீர் 8 பங்காக விரிகிறது. லிட்டருக்கு 22 கிராம் சொச்சம். இரண்டாம் முறை எட்டரை கிராம். மூன்றாம் முறை 3 கிராமை ஒட்டி வரும். இதற்குச் செலவான தண்ணீர் கிலோவுக்கு 15 லிட்டர். அதே 15 லிட்டரை ஓவர்ஃப்ளோவில் ஓட்டியிருந்தால் 9 கிராம் உப்பு இன்னும் உள்ளே நின்றிருக்கும். மூன்று முறை பிடித்து வடித்துவிட்டு நான்காவதாக சோப்பிங்குக்குப் பிடிக்கும்போது உப்பு 2 கிராமுக்கும் கீழே இறங்கியிருக்கும். சோப்பிங் நன்றாக வேலை செய்ய அது போதும். நடைமுறையில் துணியின் ரகம், மெஷின் வடியும் விதத்தைப் பொறுத்து இந்த எண்கள் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். மீட்டர் சொல்வதையே கேளுங்கள்.

ஆகவே இரண்டு ஓவர்ஃப்ளோவையும் நிறுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு குளியல் கூடுதலாகப் பிடியுங்கள். சாஃப்ட் ஃப்ளோவில் கிலோவுக்கு 32 லிட்டர் போய் 10 லிட்டர் வரும். நாளுக்கு 12,100 லிட்டர் மிச்சம். வின்சில் இரண்டு ஓவர்ஃப்ளோவுக்கும் சேர்த்து ஒரே ஒரு குளியல் பிடித்தால் 3,750 லிட்டர் மிச்சம். இதற்கு ஒரு ரூபாய் முதலீடு கிடையாது. மெஷின் வடியும் நேரமும் நிரம்பும் நேரமும் கூடுமே என்று ஆபரேட்டர் சொல்வார். நியாயமான கேள்விதான். வடிகுழாயின் வால்வு சிறியதாக இருந்தால் அதை மாற்றிப் பெரிதாக்குங்கள். மேலே ஒரு தொட்டியில் தண்ணீரைத் தயாராக வைத்திருந்தால் மெஷின் சில நிமிடங்களில் நிரம்பும்.

அடுத்தது பெராக்சைடு நீக்கல். பிளீச்சிங்குக்குப் பிறகு மிஞ்சும் பெராக்சைடைத் தனிக் குளியலில் நீக்கி, அதை வடித்துவிட்டு, சாயத்துக்குப் புதுத் தண்ணீர் பிடிக்கிறீர்கள். வெந்நீர் அலசலும் ஆசிட் குளியலும் முடிந்தபின் பிடிக்கும் ஒரே தண்ணீரில் பி.ஹெச். அளவை 7-க்கு அருகில் கொண்டுவந்து, வெப்பத்தை 50 டிகிரியை ஒட்டி வைத்து, கேட்டலேஸ் என்சைம் போடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பெராக்சைடு தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். பரிசோதனைத் தாளை நனைத்துப் பார்த்து, பெராக்சைடு இல்லை என்று உறுதியான பின் அதே தண்ணீரில் சாயத்தைத் தொடங்கலாம். உறுதி செய்யாமல் தொடங்காதீர்கள். கொஞ்சம் பெராக்சைடு மிஞ்சினாலும் நிறம் அடிபடும், லாட் திரும்பி வரும். இதில் சாஃப்ட் ஃப்ளோவில் 2,750, வின்சில் 3,000 லிட்டர் குறையும்.

இப்போது வின்சைப் பற்றி. அதில்தான் எனக்குக் கவலை அதிகம். துணியில் மூன்றில் ஒரு பங்குகூட அதில் ஓடவில்லை, ஆனால் தண்ணீரில் ஏறக்குறைய பாதியை அது குடிக்கிறது. தண்ணீரோடு போனால் பரவாயில்லை, உப்பும் அதே விகிதத்தில் போகிறது. உப்பை நீங்கள் லிட்டர் கணக்கில்தானே போடுகிறீர்கள்? 125 கிலோ கருநீலத் துணிக்கு வின்சில் 1,875 லிட்டர் பிடித்து 60 கிராம் வீதம் போட்டால் 112 கிலோ உப்பு. அதே துணியை சாஃப்ட் ஃப்ளோவில் ஓட்டினால் 1,000 லிட்டருக்கு 60 கிலோ போதும். ஒரே நிறம், ஒரே துணி, உப்பில் மட்டும் 50 கிலோவுக்கு மேல் வித்தியாசம். அந்த 50 கிலோவுக்கு வாங்கும்போது ஒரு காசு, சுத்திகரிக்கும்போது இன்னொரு காசு.

வின்சை விற்கச் சொல்லவில்லை. அடர் நிறங்களை அதில் ஏற்றாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். கருப்பு, கருநீலம், மெரூன், பாட்டில் பச்சை எல்லாம் சாஃப்ட் ஃப்ளோவுக்குப் போகட்டும். வெளுப்பும் வெளிர் நிறங்களும் வின்சுக்கு வரட்டும். வெளிர் நிறத்துக்கு 20 கிராம் உப்பு போதும். அலசலிலும் குறைந்தது ஒரு குளியல் மிச்சம், அது நாளுக்கு 3,000 லிட்டர். சாயம் கிலோவுக்கு எந்த அளவில் கலக்கிறீர்களோ அதற்கு ஏற்ற உப்பளவைச் சாய நிறுவனத்தின் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா நிறத்துக்கும் கைப்பழக்கமாக மூட்டையை அப்படியே கொட்டுவதை நிறுத்தினாலே பெரிய மாற்றம் தெரியும்.

கூட்டிப் பார்த்தால் 84,250 லிட்டர் 60,000-க்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கிறது. அதோடு அந்த ஐந்தாறாயிரத்தைச் சேர்த்தால் உங்கள் அனுமதியின் விளிம்பில் இருக்கிறீர்கள். விளிம்பில் நிற்பது போதாது, ஒரு நாள் ஒரு லாட் கெட்டால் தாண்டிவிடுவீர்கள். குளிர்விக்கும் தண்ணீர் துணியையோ சாயத்தையோ தொடுவதே இல்லை. சூடாகவும் சுத்தமாகவும் வெளியே வருகிறது. உங்கள் பட்டறையில் அது கழிவுநீர்க் கால்வாயில் போய் விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு குழாய் போட்டு அதை வெந்நீர்த் தொட்டிக்குத் திருப்புங்கள். அடுத்த பிளீச்சிங்குக்கு அது அரைவாசி சூடான தண்ணீர், விறகும் மிச்சம். பாய்லர் நீராவி குளிர்ந்து வரும் தண்ணீரும் அப்படியே. அது பாய்லருக்கே திரும்பிப் போக வேண்டிய தண்ணீர்.

தரை கழுவுவதில் ஒரு வார்த்தை. சாயப்பொடி சிந்தினால் முதலில் துடைத்து அள்ளுங்கள், பிறகு கழுவுங்கள். ஹோஸ் குழாயின் முனையில் கையை எடுத்தால் மூடிக்கொள்ளும் வால்வு ஒன்று மாட்டுங்கள்.

இனி, எந்தக் குழாயிலும் தெரியாத ஒரு கசிவு இருக்கிறது. அது திரும்ப வரும் லாட். மாதத்துக்கு நான்கைந்து லாட் நிறம் சேராமல் மறுபடி ஓட்டுகிறோம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது போகிற போக்கில் எழுதும் விஷயமே இல்லை. நிறத்தை உரித்து மறுபடி சாயம் போட்டால் அந்தத் துணிக்கு இரண்டு துணியின் தண்ணீரும் இரண்டு துணியின் உப்பும் ஆகும், கூலி ஒன்றுதான் வரும். காரணங்களைத் தேடுங்கள். உங்களுக்குச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து திரும்பி வரும் ஆர்.ஓ. தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் ஒரே தொட்டியில் கலக்கிறீர்கள். லாரித் தண்ணீரின் கடினத்தன்மை ஒவ்வொரு லோடுக்கும் மாறும். காலையில் ஒரு நிறம், மாலையில் ஒரு நிறம் வருவதற்கு இதுவே போதும். ஆர்.ஓ. தண்ணீருக்குத் தனித் தொட்டி வைத்து, அதைச் சாயக் குளியலுக்கும் சோப்பிங்குக்கும் மட்டும் எடுங்கள். சாஃப்ட்னர் கருவியை உப்புப் போட்டுக் கழுவ வேண்டிய தேவையும் அதோடு குறையும். உப்பு மூட்டை மழைக்காலத்தில் ஈரம் குடித்திருக்கும், எடை அளவு ஏமாற்றும். துணியை ஏற்றும் முன் எடை போடுங்கள், பில்லில் உள்ள எடையை நம்பாதீர்கள். 80 கிலோ துணிக்கு 125 கிலோவின் தண்ணீரைப் பிடிப்பது வின்சில் அன்றாடம் நடப்பது. வின்சின் பக்கவாட்டில் 80, 100, 125 என்று எடைக்கேற்ப மட்டக் கோடுகளை அழியாத பெயிண்டில் போட்டுவிடுங்கள். ஒரு நாளின் லாட்டுகளை வெளிரிலிருந்து அடர் நிறத்துக்குப் போகும்படி வரிசைப்படுத்தினால் நடுநடுவே மெஷின் கழுவும் தண்ணீரும் மிஞ்சும்.

கடைசி அலசல் தண்ணீரைச் சேர்த்து வைத்து அடுத்த அடர் நிற லாட்டின் முதல் குளிர் அலசலுக்குப் பயன்படுத்தலாம். ஒரு தொட்டியும் ஒரு மோட்டாரும் வேண்டும். சாஃப்ட்னர் கலந்த தண்ணீரை இதில் சேர்க்கக் கூடாது, அதற்கு முந்தைய குளியலைத்தான் எடுக்க வேண்டும். இதை இரண்டாம் கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சொன்னவை மூன்று மாதம் நிலைத்து நடக்கட்டும்.

ஒன்றை முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும். தண்ணீர் குறையும்போது அதே உப்பு குறைந்த தண்ணீரில் நிற்கும். உங்கள் கழிவுநீரின் டி.டி.எஸ். கூடும். சுத்திகரிப்பு நிலையம் இதைக் கண்டு உங்கள்மேல் சந்தேகப்படலாம்; சில இடங்களில் உள்ளே வாங்கும் உப்பளவுக்கு வரம்பும் உண்டு. அதனால் மாற்றத்தைத் தொடங்கும் முன்பே அங்குள்ள மேலாளரைப் பார்த்து விவரம் சொல்லுங்கள். வின்சிலிருந்து அடர் நிறத்தை எடுத்துவிட்டால் மொத்த உப்பும் குறையும் என்பதால் நீங்கள் சொல்வதை அவர் மகிழ்ச்சியோடு கேட்பார். அவருக்கு ஆவியாக்கும் பகுதியில்தான் எரிபொருள் செலவு. திருப்பூரில் சில நிலையங்கள், பிரித்தெடுத்த உப்புக் கரைசலைச் சாயம் போடவே உறுப்பினர்களுக்குத் திருப்பித் தருகின்றன. உங்கள் நிலையத்திலும் அது உண்டா என்று கேளுங்கள். இருந்தால் கூச்சப்படாமல் வாங்குங்கள். அதன் செறிவையும் பி.ஹெச். அளவையும் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டால், கடையில் வாங்கும் கிளாபர் உப்புக்கு அது குறைந்ததில்லை.

மழைநீர் சேமிப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். 5,000 சதுர அடிக் கூரையும் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழையும் என்று வைத்தால், வீணாவது போக இரண்டு லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். உங்களுக்கு அது மூன்று நாள் தண்ணீர். சேமியுங்கள், பாய்லருக்கு அது அருமையான மென்நீர். ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பணம் வரும் காலத்தில் என்ன வாங்கலாம் என்றால், என் மனத்தில் முதலில் வருவது வின்சுக்குப் பதில் இன்னொரு குறைந்த நீர் மெஷின். துணியைச் சாயத்தில் தோய்த்துப் பிழிந்து, சுருட்டி, மூடி, இரவெல்லாம் வைத்தெடுக்கும் கோல்டு பேட் பேட்ச் முறையில் உப்பே தேவையில்லை. ஒரே நிறத்தில் பெரிய அளவு ஆர்டர் உள்ளவர்களுக்கு அது நல்ல முறை. ஐம்பது கிலோ, நூறு கிலோ என்று பல நிறம் ஓட்டும் உங்கள் ஜாப் ஒர்க்குக்கு இப்போது ஒத்துவராது. குறைந்த உப்பில் ஏறும் சாய வகைகளும் சந்தையில் இருக்கின்றன. விலை கூடுதல். கிலோ சாயத்தின் விலையை மட்டும் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிடாமல், உப்பு, தண்ணீர், சுத்திகரிப்புக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு லாட் ஓட்டிக் கணக்குப் பாருங்கள்.

எங்கே தொடங்குவது? ஒவ்வொரு மெஷினின் தண்ணீர்க் குழாயிலும் ஒரு மீட்டர். அதுதான் முதல் செலவு. இப்போது உங்களிடம் வெளியே போகும் தண்ணீருக்கு மட்டுமே மீட்டர் இருக்கிறது, அது நாள் முடிவில் ஒரே எண்ணைச் சொல்கிறது. எந்த மெஷின், எந்த லாட், எந்த ஆபரேட்டர் என்று சொல்லாது. மீட்டர் மாட்டியபின் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் பதிவு மட்டும் செய்யுங்கள். ஒரு நோட்டுப் போதும்: தேதி, லாட் எண், மெஷின், துணியின் எடை, நிறம், தொடங்கும்போது மீட்டர் எண், முடியும்போது மீட்டர் எண், போட்ட உப்பு. அடுத்த பத்தியில் கிலோவுக்கு எத்தனை லிட்டர் என்று வகுத்து எழுதுங்கள். அதை ஆபரேட்டர்களே எழுதட்டும். பிறகு ஒரு சாஃப்ட் ஃப்ளோவில் மட்டும், ஒரே ஒரு நடுத்தர நிறத்தில், ஓவர்ஃப்ளோவை நிறுத்திப் பாருங்கள். சாயம் முடிந்த ஈரத் துணியை வெள்ளைத் துணியோடு சேர்த்து வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறாவிட்டால் ஆபரேட்டருக்கும் நம்பிக்கை வரும், உங்களுக்கும் வரும். நிறம் ஏறினால் சோப்பிங் வெப்பத்தையும் அதற்கு முந்தைய உப்பளவையும் பாருங்கள், ஓவர்ஃப்ளோவுக்குத் திரும்பாதீர்கள்.

மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை ஆபரேட்டர்களுக்குக் கொடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். வால்வைத் திறப்பதும் மூடுவதும் அவர்கள் கையில் இருக்கிறது. இரவு ஷிப்டில் நீங்கள் இருக்கப்போவதில்லை. லாட் வீணாகிவிடுமோ என்ற பயத்தில்தான் அவர்கள் குழாயைத் திறந்து வைக்கிறார்கள். இந்த முறையில் லாட் ஒன்று கெட்டாலும் உங்களை வசைபாட மாட்டேன் என்று முதல் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். வாரிய அதிகாரி வந்தாலும், ஏற்றுமதிக்காரர் வெளிநாட்டு வாங்குநரின் தண்ணீர்க் கணக்கைக் கேட்டாலும் எடுத்துக் காட்ட அது உதவும். இரண்டு வாரப் பதிவு கிடைத்ததும் அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள். என் கணக்கில் 150 என்று வந்த வின்ச் உண்மையில் 180 குடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால், அடுத்த கடிதத்தில் அதன் வடிகுழாயிலிருந்து பேசத் தொடங்கலாம்.